ஒன்பது டிகிரி

ஈயின் வயதுக் கணக்கை நான் படித்தது
சென்னையில், மின்விசிறிக்குக் கீழே.
முட்டையிலிருந்து சிறகு வரை பதினோரு நாள்.
அந்த அட்டவணைக்கு ஸ்வெட்டர் போடத் தெரியாது.

ஊட்டி கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறி
"இறந்து நான்கு நாள்" என்றேன்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், புதுப் புடவை.
வக்கீல் சிரித்தார்: "ஈ வந்து சொல்லிச்சாம்மா?"
ஜட்ஜ் சிரிக்கவில்லை. நம்பிவிட்டார்.

என் கணக்கு காட்டிய நாளில்
நஞ்சன் தோட்டத்தில்தான் இருந்தார்.
உண்மையில் உயிர் போன நாளில் கோவையில்,
மகளின் பிரசவ வார்டு வாசலில்.
கோத்தகிரி மார்கழியில் புழுவும் விறைத்து
மெதுவாகத்தான் தின்னும் என்று
எனக்கு உறைத்தபோது
அவர் உள்ளே போய் இரண்டு வருஷம், ஏழு மாதம்.

மேல்முறையீட்டுக்கு நானே எழுதிக்கொடுத்தேன்,
என் சாட்சியம் தவறென்று.

அதற்கப்புறம் பன்றிகள். நாற்பத்தொன்று.
சீகை மரங்களுக்கடியில் கம்பிக் கூண்டு,
கரடி இழுக்காமல் பூட்டு.
ராத்திரி வெப்பமானியைப் பார்க்க
போஜன் டார்ச்சோடு போவார்.
மூக்கைப் பொத்தி வரும் மாணவர்கள்
மூன்றாம் வாரம் அங்கேயே நின்று வர்க்கி தின்பார்கள்.
பல்கலைக்கழகம் கேட்கும்: எத்தனை கட்டுரை?
நான் எண்ணுவது வேறு.

சந்தையில் கேரட் விற்கிறார் நஞ்சன்.
ஒரு கிலோ கேட்டேன்.
தராசு முள் நிற்கும்வரை காத்திருந்து
ஒன்றை எடுத்தார், அதைவிடச் சிறியதைப் போட்டார்.
சரியாக ஒரு கிலோ.
என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இன்று விடியலில் ஒன்பது டிகிரி.
புழு ஆறு மில்லிமீட்டர்.
பென்சிலால் எழுதுகிறேன்;
இந்த ஈரத்தில் மை பரவிவிடும்.