ஞாயிற்றுக்கிழமை மழை

தாலுகா ஆபீசுக்குப் பின்னால்
முள்கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி.
பக்கத்தில் மரம் எதுவும் வளரக் கூடாதென்பது விதி.
வேம்பு விதியைப் படிக்கவில்லை.

காலை எட்டரைக்குத் தண்ணீரைக் குடுவையில் ஊற்றி
கண்மட்டத்தில் பிடித்து
வளைவின் அடிக்கோட்டை வாசித்து
பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.
ஒன்பது வருசம்.

பொன்னுக்கிளி வந்தது ஒரு திங்கட்கிழமை.
பணகுடிக்கு மேற்கே மூன்று ஏக்கர், மானாவாரி உளுந்து.
மஞ்சப்பையிலிருந்து எடுத்தது மனு இல்லை,
நாற்பது பக்க நோட்டுகள், ஏழு.
பெயிண்ட் டப்பாவில் மகனுடைய ஸ்கேலை ஒட்டி
பதினோரு வருசமாக மழை அளந்திருக்கிறாள்.
'டப்பா அடி உள்ள எக்கியிருக்கு சார்,
ரெண்டு மில்லி கூடக் காட்டும்.
கழிச்சுத்தான் எழுதியிருக்கேன்.'

அப்படியொரு வாக்கியத்தை
இந்தக் கட்டிடத்தில் நான் கேட்டதே இல்லை.

இரண்டு கணக்கையும் மேசையில் விரித்தோம்.
விரல் வைத்து வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.
'ஏன் சார், சர்க்காருக்கு
ஞாயித்துக்கிழம மழையே பெய்யாதா?'

பெய்யும். திங்களன்று சேர்த்து எழுதுவோம்,
அதற்குள் வெயில் கொஞ்சம் குடித்திருக்கும்.
நாலு நாள் விடுமுறை என்றால் அதுவும் இல்லை, பூஜ்யம்.
தீபாவளியன்று எங்கள் தாலுகாவில்
ஒரு சொட்டு விழுந்ததாகச் சரித்திரம் கிடையாது.

கார்த்திகைக்கு எங்கள் கணக்கு அறுபத்தொன்று.
அவள் கணக்கு எண்பத்துநான்கு.
எழுபதுக்குக் கீழே போனால்தான் இன்சூரன்ஸ்.
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:
'எக்கா, நோட்ட உள்ள வைங்க.
எங்க தப்புதான் ஒங்களுக்கு லாபம்.'

சோற்றில் கல் கடித்தவள்போல் நிறுத்தினாள்.
'மழ பெஞ்சதும் நெசம், உளுந்து போனதும் நெசம்.
பூவெடுக்கையில பெய்யல,
காய் முத்துனப்ப கொட்டிச்சு.
இந்த ரெண்டு நெசத்தையும் தாங்காதுன்னா
அது என்ன கணக்கு சார்?'

அன்று மதியம் மகேந்திரகிரிப் பக்கம்
ராக்கெட் எஞ்சினைப் பற்றவைத்தார்கள்.
ஜன்னல் கண்ணாடி நடுங்கியது,
முத்திரைப் பெட்டி அரை விரல் நகர்ந்தது.
அங்கே தசமத்துக்குப் பின் எத்தனையாவது இடம் வரை பார்ப்பார்களோ!
அதே மலையின் அடிவாரத்தில்
ஆறே நாள் உள்ள ஒரு வாரம்.
இரண்டும் ஒரே அரசாங்கம்.

என்னை யாரும் பொய் எழுதச் சொன்னதில்லை.
மெய் எழுத வேண்டாமென்றும் தடுத்ததில்லை.
சுதந்திரம் என்பது ஆகஸ்டில் கொடிக்குக் கீழே தரும்
ஆரஞ்சு மிட்டாய் என்று நினைத்து
ஒன்பது வருசம் சப்பியிருக்கிறேன்.

தாசில்தார் நல்ல மனிதர்தான்.
'அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லையேம்மா' என்றார்.
'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தித் தந்தார்,
நோட்டின் அட்டையில், மயிலின் கழுத்தில்.
அவள் அதை ஊதிக் காயவைத்தாள்.

சனிக்கிழமை பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன்,
அதுவும் விதிமீறல்தான்.
மறுநாள் கேட் பூட்டியிருந்தது.
ஏறிக் குதித்ததில் பேன்ட் கிழிந்தது.
புனலில் நாலைந்து வேப்பிலை. எடுத்துப் போட்டேன்.
பதினொன்று புள்ளி நான்கு.

ஞாயிறுக்கென்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது.
எப்போதுமே இருந்திருக்கிறது.
எழுதினேன். கை ஈரத்தில் மை கசிந்து
நான்கு ஒன்பது மாதிரித் தெரிகிறது.
அடித்து எழுதினால் தணிக்கையில் கேட்பார்கள்.
பொன்னுக்கிளியைப் பார்த்து விசாரிக்க வேண்டும்,
டப்பா என்ன காட்டிற்று என்று.