இருபது சதவீதம்

ஒப்புதல் படிவம் இருபத்து மூன்று பக்கம்.
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்
என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது.
வேலைக்குச் சேர்ந்தபோதும் கல்யாணத்தின்போதும்
யாரும் எனக்கு இப்படி எழுதித் தரவில்லை.

வினிபெக்கில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்து முழுக்கக் கறுப்புக் கோட்டு,
நான் மட்டும் சாம்பல் நிறம்.
பெயரிலேயே சொரிகிற நோய் சொரியாசிஸ்;
கறுப்பு உடுத்தினால்
கூரைக்குக் கீழேயும் எனக்குப் பனி பெய்யும்.

மரிசெல் என் உள்ளங்கையை விரித்துப் பிடிக்கிறாள்.
ஒரு உள்ளங்கை, உடம்பில் ஒரு சதவீதம்.
யார் உடம்பானாலும் அவரவர் கை.
முழங்கைக்கு ஒன்று, முதுகுக்கு நான்கரை,
தலைமயிருக்குள் இரண்டு.
அஞ்சல் கிடங்கில் இரவெல்லாம்
ஊர்வாரியாகப் பொட்டலம் பிரிக்கிற கை,
தான் ஒரு அளவுகோல் என்று
இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது.

அடுத்தது சிவப்பு. பூஜ்யம் முதல் நான்கு வரை.
மாதிரிப் படங்கள் ஒட்டிய அட்டையை
என் முதுகோடு சேர்த்துப் பிடிக்கிறாள்.
அட்டையில் எல்லாம் வெள்ளைத் தோல்.
என்னைப் பார்க்கிறாள், அட்டையைப் பார்க்கிறாள்,
ஒன்று என்று எழுதப்போகிறாள்.
பொறு மரிசெல்,
என் தோலில் சிவப்பு சிவப்பாக வராது.
கத்தரிக்காய் பார்த்திருக்கிறாயா,
காம்பின் பச்சை முடிகிற இடத்தில்?
அதுதான் எனக்குச் சிவப்பு.
"தலோங்!" என்று தன் மொழியில் சிரித்தாள்,
தன் முழங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.
மூன்று என்று எழுதினாள்.
ஓரத்தில் ஏதோ குறிப்பும்.

பிறகு ஊசி.
தோலிருக்கச் சுளை விழுங்குகிற ஊசி.
மருந்தா, வெறும் உப்புத்தண்ணீரா,
எனக்குத் தெரியாது. மரிசெலுக்குத் தெரியாது.
டாக்டர் ஃபிரீசனுக்கும் தெரியாதாம்.
எங்கோ ஒரு கணினிக்குத் தெரியும்,
அது வாய் திறக்காது.
அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

எதிர் நாற்காலியில் ஒரு பையன், பதினொரு வயதிருக்கும்.
விரலுக்கு விரல் தனித்தனிக் கட்டு.
ஸ்டைன்பாக்கிலிருந்து வருகிறான். எமெட் தீசன்.
உரசினால் கொப்புளம், உடுத்தினால் கொப்புளம்.
பென்சிலின் ரப்பர் முனையால்
சித்திரக்கதையின் பக்கம் திருப்புகிறான்.

"உங்கள் ஆராய்ச்சியில் எத்தனை பேர்?"
எழுநூற்று இருபது என்றேன்.
விசிலடிக்கப் பார்த்தான். உதடு விடவில்லை.
"எங்களில் ஐந்து. கனடா முழுக்க ஐந்து.
நான் இருபது சதவீதம்."
நாட்டில் ஐந்தில் ஒரு பங்கை ஆள்பவன்போல
நிமிர்ந்து உட்கார்ந்தான்.

என் பங்கை வகுத்துப் பார்த்தேன்.
புள்ளிக்குப் பிறகு ஒன்று, மூன்று, எட்டு, எட்டு,
அதற்குமேல் எட்டாகவே போனது.
என் நோய்க்குத் தொலைக்காட்சியில் விளம்பரம் உண்டு,
நீச்சல்குளத்தோரம் சிரிக்கும் பெண்கள் உண்டு.
அவனுடையதை உச்சரிக்க
அவன் டீச்சருக்கு ஒரு மாதம் ஆனதாம்.

ஏப்ரலில் என் முழங்கையின் ஒரு சதவீதம்
முக்காலாகியிருந்தது.
மருந்தோ, வெயிலோ.
அதே நாற்காலியில் எமெட்.
"இப்போ நான் இருபத்தைந்து" என்றான்.
எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.
கேட்கவும் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் வரவில்லை.

"யெல்லோநைஃப் அக்கா விலகிட்டா.
இரண்டு விமானம் மாறணும்.
ஏறும் முன்னாடி கட்டு மாற்ற மூன்று மணி நேரம்.
அலுத்துப்போச்சுன்னு கடிதம் போட்டா.
நாய் படம் ஒன்றும் வரைஞ்சிருந்தா."

பக்கம் திருப்பினான். பாதியில் நிறுத்தினான்.
"உங்களில் யாராவது விலகினாங்களா?"
விலகியிருப்பார்கள். எனக்குத் தெரியாது.
"யாருன்னே தெரியாதா?"
தெரியாது.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
என் முகத்தையே பார்த்தான்,
கொப்புளம் என் மேல் இருப்பதுபோல.

கதவு திறந்தது.
நானூற்றுப் பதினேழு, என்று கூப்பிட்டாள் மரிசெல்.
நான் எழுந்தேன்.