பொத்தான்

த்ரியெஸ்தே நகரில் போரா வீசும் நாளில்
நோயாளிகள் பாதிப்பேர் வரமாட்டார்கள்.
மலையிலிருந்து இறங்கி
ஸ்கூட்டர்களை வரிசையாகச் சாய்த்துவிட்டுக்
கடலுக்குள் போய்விடும் காற்று அது.

சில்வானோ பெவிலாக்குவா வந்தார்.
எழுபத்தொன்பது வயது.
துறைமுகத்தில் காப்பி மூட்டைகளுக்கு எடை போட்டவர்.
பக்கவாதம் வந்து முப்பத்தைந்து நாள்.
வலக்கை மீண்டிருந்தது, பேச்சும்.
"எனக்கு ஒன்றுமில்லை" என்றார்,
சீட்டில் கையெழுத்துப் போடுகிற தோரணையில்.

முதலில் ரத்தம். இரண்டு குழாய், ஊதா மூடி.
மூளைக்குள் நரம்பிழை அறுந்தால்
அதன் துரும்பு ரத்தத்தில் மிதந்து வரும்,
கப்பல் உடைந்த சேதி
கரைக்குப் பலகையாய் வருவது போல.
எந்தக் கப்பல், உள்ளே யார் யார்,
பலகை சொல்லாது.
எவ்வளவு என்பது மட்டும் தெரியும்.
கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அதுதான் அலகு என்றேன்.
"அதற்கு எந்தத் தராசு?" என்று
முதல் முறையாகச் சிரித்தார்.

பிறகு படம்.
காந்தச் சுரங்கத்தில் நாற்பது நிமிடம்.
சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி
வெண்புள்ளிகள்.
இந்தப் பக்கவாதத்துக்கு எத்தனையோ ஆண்டு முந்தியவை.
அவர் எடை போட்டுக்கொண்டிருந்தபோதே
ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் போட்ட கணக்கு.
கடற்குதிரை என்று பெயர் வாங்கிய
நினைவின் மடிப்பு,
வயதுக்குக் கொஞ்சம் மெலிவு.

கடைசியில்தான் ஐந்து சொற்கள்.
உப்பு. ரயில். ஜன்னல். எலுமிச்சை. பொத்தான்.
இத்தாலியனில் படித்தேன், இருமுறை.
ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன்.
உப்பு, என்றார். ரயில். எலுமிச்சை.
ஜன்னல் போய்விட்டது.
பிறகு வெகுநேரம் நாக்கைத் துழாவி,
"கும்ப்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

தாழ்வாரம் துடைத்துக்கொண்டிருந்த தானிட்சா
வாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்:
"பொத்தான்தானே! எங்கள் ஸ்லோவேனியனில் அப்படித்தான்."
அவர் அவளைப் பார்த்தார்.
அப்பாவின் பெயர் வோதோபிவெத்ஸ் என்றார்.
தண்ணீர் குடிப்பவன்.
பெவிலாக்குவாவுக்கும் அதே பொருள்தான்.
பொருளை விட்டுவைத்து
ஒலியை மட்டும் பிடுங்கியிருக்கிறது
அந்தக் காலத்து அரசாங்கம்.

நாங்களும் இங்கே கறார்.
பொருளுக்கு மதிப்பெண் கிடையாது,
சொன்ன சொல்லே வேண்டும்.
ஐந்துக்கு மூன்று என்று எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலில்: கும்ப்.

நரம்பிழைத் துரும்பு மிகுந்திருந்தால்,
புள்ளிகள் அடர்ந்திருந்தால்,
மடிப்பு மெலிந்திருந்தால்,
நினைவு சரியும் வாய்ப்பு அதிகம்
என்கிறது எங்கள் வரைபடம்.
அறுநூறு பேருக்கு அது பெரும்பாலும் பொய்க்காது.
ஒருவரைத் தனியே நிறுத்திக் கேட்டால்
வாயே திறக்காது.
அவர் மனைவி நெவியா கேட்டாள்.
எண்களைச் சொன்னேன். அவள் கேட்டது எண்களை அல்ல.

ஆறு மாதம் கழித்து வந்தார்கள்.
வெயில். ஆனாலும் கம்பளிக் கோட்டு,
ஒரு துளை தள்ளிப் பூட்டியிருந்தது.
என்னை அவருக்குத் தெரியவில்லை.
அதே ஊதா மூடி, அதே சுரங்கம்.
அதே சொற்கள் இல்லை, வேறு ஐந்து. விதி அப்படி.
ஒன்றே ஒன்று சொன்னார். அதுவும் தப்பு:
"உப்பு."

அது போன முறையின் சொல்.
குளிர்காலம் முழுக்க அதை எங்கே வைத்திருந்தார்?
கேட்க நினைத்தேன்.
அதற்குள் கோட்டின் நடுப்பொத்தானைப் பிடித்து
என்னிடம் நீட்டுவது போல இழுத்தார்.
உதடு அசைந்தது. இரண்டு மொழியிலும் ஒன்றும் வரவில்லை.
விரல்கள் மட்டும்
எடை பார்க்கிற மாதிரி
அதை உருட்டிக்கொண்டே இருந்தன.

படிவத்தில் பூஜ்யம்.
பென்சிலைத் தேடினேன். கிடைக்கவில்லை.
நெவியா கோட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டினாள்,
கீழிருந்து மேலாக.

குழாய்களை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.
சுழற்றி, பிரித்து, சீட்டு ஒட்டி,
கழித்தல் எண்பதில் வைக்க வேண்டும்,
இரண்டு மணி நேரத்துக்குள்.