ஏறக்குறைய

காலை ஆறு நாற்பதுக்கே வந்திருந்தது கடிதம்.
"மதிப்புக்குரிய திரு. பூங்கோதை அவர்களே" என்று.
மூன்று வருடமாக நான் திருவாகத்தான் இருக்கிறேன்
முனைவர் ஹென்ரிக்கே ஓஸ்டர்லோவுக்கு.
திருத்தவில்லை. அதற்கு அவர் காசு தரவில்லை.

கட்டுரையைக் கெடுத்துவிட்டேனாம்.
"என் குரலைக் காணவில்லை" என்கிறார்.
மண்புழுக்களைப் பற்றி இருபத்தாறு பக்கம்.
அதில் அவர் குரல்
'எனக் கூறப்படக்கூடும் என்று கருத இடமுண்டு' என்று
பதினான்கு இடத்தில் இருமிக்கொண்டிருந்தது.
இருமலை எடுத்தேன்.
குரலும் கூடவே போய்விட்டதாம்.

தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன்.
சன்னலுக்குக் கீழே கோட்டிங்கன் ரயில் நிலையம்,
பனியில் நனைந்த ஆயிரம் சைக்கிள்கள்,
யாரும் யாரையும் குறை சொல்லாமல்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து.

போன மாதம் ஒரு பொருளியல்காரர், ஃபோல்க்மார்,
இதழ் நிராகரித்துவிட்டது, பணத்தைத் திருப்பு என்றார்.
பல் கட்டிவிட்டவனிடம் போய்
பெண் கிடைக்கவில்லை என்று சண்டை பிடிப்பதுபோல.
இன்னொருவர் கேட்டது இதைவிடச் சுருக்கம்:
ஆங்கிலம் உங்கள் தாய்மொழியா?
உங்களுக்கும் இல்லையே ஐயா என்று எழுதி,
அழித்து,
"தங்கள் அக்கறைக்கு நன்றி" என்று அனுப்பினேன்.
இந்த ஊரில் நன்றியைச் செலவழித்த அளவுக்கு
வெண்ணெய்கூட நான் செலவழித்ததில்லை.

சரி. பதில்.
முதல் வரைவு இரண்டு பக்கம், பதினேழு சான்று.
ஒவ்வொரு வரியிலும் நியாயம் இருந்தது.
மொத்தத்தில் பங்காளிச் சண்டை மாதிரி இருந்தது.
இரண்டாவது ஒரே பத்தி. அதில் நான்கு மன்னிப்பு.
மூன்றை வெட்டினேன்.
மிச்சமான ஒன்று எதற்கென்று தெரியாமல் நின்றது,
வல்லினம் மிகாத இடத்தில் வந்துவிட்ட ஒற்றுபோல.

சான்றுக்காக மறுபடி கோப்பைத் திறந்தேன்.
பக்கம் பத்தொன்பது.
சிவப்புக் கோடுகளின் நடுவே
நான் வெட்டிய ஓர் ஆறெழுத்து ஆங்கிலச் சொல்.
இரண்டு வரிக்கு முன்னால்தான் வந்ததே என்று
வெட்டியிருப்பேன். நள்ளிரவு தாண்டியிருக்கும்.

அவர் எழுதியது:
உப்பேறிய மண்ணில் புழுக்கள் ஏறக்குறைய எல்லாம் செத்தன.
என் கைபட்ட பிறகு:
எல்லாம் செத்தன.

கீழே அட்டவணையில்
நான்கு புழுக்கள் உயிரோடு இருந்தன.
அங்கே நான் நிறுத்தற்குறிகளை மட்டும் பார்த்திருந்தேன்.

தேநீர் ஆறிவிட்டது.

அவருடைய குறை இதுவே இல்லை.
இது அவர் கண்ணில் படவும் இல்லை.
தன் இருமலைத் திருப்பிக் கேட்கிறார்,
நான் கொன்ற நான்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
சொல்லாமலும் விடலாம்.
ஏறவும் ஏறாமல் முழுக்கக் குறையவும் குறையாமல்
ஒரு சொல் இருக்கிறது நம்மிடம்.
அதற்குள்தான் அவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

மூன்றாவது பதில்:
"பக்கம் 19, வரி 8. தவறு என்னுடையது.
சொல்லைத் திரும்ப வைத்துவிட்டேன்.
நீங்கள் கேட்கும் பதினான்கில் ஐந்தைத் தருகிறேன்,
மற்றவை வேண்டாம் என்பதே இன்னும் என் கருத்து.
பில்லில் பாதி போதும்."

சொல்லுக்கு நான்கு சென்ட் கணக்கில்
பாதி என்பது நூற்று நாற்பத்து நான்கு யூரோ.
இந்த மாதத்து ஹீட்டர் கட்டணம், ஏறக்குறைய.

மதியம் வந்தது ஒரு வரி.
"ஐந்து போதாது. எட்டு."
பணத்தைப் பற்றி ஒன்றுமில்லை, புழுக்களைப் பற்றியும்.
மேலே அதே திரு.

கோப்பைத் திறந்து வைத்திருக்கிறேன்.
எந்த எட்டு என்று அவர் சொல்லவில்லை.