ஏற்கெனவே அனுப்பியாயிற்று

வெஸ்ட்ஃபியோர்டைக் கடக்கும் படகில்
எஞ்சின் அறைக்கு ஒரு தளம் மேலே
பிஸ்கட் அளவுச் சில்லு ஒன்று
பத்து வாயோடு உட்கார்ந்திருக்கிறது.
ஒன்றில் ராடார். இரண்டில் அதன் திரை.
நாலில் தீயறிவிப்பு மணி.
ஏழில், உணவகத்தில் வாஃபிள் விற்கும்
கார்டு இயந்திரம்.
எட்டு காலி, தூசிக்கு ஒரு ரப்பர் மூடி.
பத்தாவது வாய் வெளியே யாரிடமும் பேசாது.
அது கெர்னலுக்கு.

போர்கில்ட் மூன்று நாளாக
அதன் எதிரே குந்தியிருக்கிறாள்,
கருவிப்பெட்டி மேல் மடிக்கணினி.
புகார் ஒரே வரி:
மணி ஒருமுறை அடித்தால்
பதிவேட்டில் இரண்டு விழுகிறது.

சில்லுக்குத் தெரியும்
யார் எந்த வாயில் என்று.
ஒரு சொல் பேசினால் போதும்,
முகவரியைக் குறித்துக்கொள்ளும்.
ஐந்து நிமிடம் மூச்சில்லை என்றால்
ஆளையே மறந்துவிடும்.
ராடார் தன் திரையோடு பேசுவதைக்
கெர்னல் கேட்பதே இல்லை.
நொடிக்குப் பல்லாயிரம் பாக்கெட்
வாசலைத் தாண்டிப் போகிறது,
உள்ளே ஒரு தும்மல் சத்தம் கூடக் கேட்காமல்.
எல்லோருக்கும் என்று எவராவது கூவினால்தான்
பத்தாம் வாய்க்கும் ஒரு பிரதி வரும்,
நெற்றியில் நாலு பைட் பட்டை ஒட்டி:
நான் இந்த வாயிலிருந்து வருகிறேன்.

அவள் எழுதிய டிரைவர்
பட்டையை உரித்து
பாக்கெட்டை மட்டும் கெர்னலிடம் கொடுக்கிறது.
கெர்னல் சொன்ன சொல் தட்டாத பிள்ளை.
எல்லோருக்கும் என்றா இருக்கிறது?
எல்லோருக்கும் அனுப்புகிறது.
சில்லு அதை எப்போதோ அனுப்பிவிட்டது.
ஒரே வீட்டுக்கு
பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும்
தனித்தனியே பத்திரிகை வைத்த கதை.

காப்பியோடு இறங்கி வந்தான் ஐலர்ட்,
இரண்டாம் எஞ்சினியர், ஒரு காதில் மட்டும் பஞ்சு.
"இதில் யார் பெரியவர்?
இந்தத் துண்டா, நீ எழுதியதா?"
"சட்டம் என்னுடையது.
வேலை முழுக்க அதனுடையது."
"அப்படியென்றால் கேப்டனும் எஞ்சினும்."
"இல்லை.
எஞ்சின் ஓடுவது கேப்டனுக்குக் காலில் தெரியும்.
கெர்னலுக்குக் கால் கிடையாது.
நான் சொன்னால்தான் உண்டு."

சொன்னபோதே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.
காப்பி ஆறியது.

தேவை ஒரு பிட்.
மேலே போகும் பாக்கெட்டின் முதுகில் ஒரு குறி:
ஏற்கெனவே அனுப்பியாயிற்று, நீ அனுப்பாதே.
அந்த இடத்தில் ஒரு குறிப்பு நிற்கிறது,
"இதைப் பிறகு பார்க்கலாம்."
எழுதியது யார் என்று கணினியைக் கேட்டாள்.
அவள் பெயர். நாலு வருடத்துக்கு முன்,
நவம்பர், வீடு மாறிய வாரம்,
சமையலறைத் தரையில் உட்கார்ந்து
ஒரே ஒரு கேபிளைச் செருகிச் சோதித்தது.
ஒரே காது கேட்கும் இடத்தில்
இரட்டைக் குரல் எப்படித் தெரியும்?

டிரைவரை இறக்கி ஏற்ற வேண்டும்.
ஐலர்ட் மேலே பேசி
தளத்துக்கு ஒருவரைக் காவல் நிறுத்தினான்.
எல்லா விளக்கும் அணைந்தன.
சில்லு அத்தனை பேரையும் மறந்தது.
பிறகு விதிப்படி
பதினைந்து நொடி சும்மா கேட்டது,
பதினைந்து நொடி பெயர்களைக் கற்றது,
அனுப்பவில்லை.
அந்த அரை நிமிடம் படகுக்குள்
எதுவும் எதனோடும் பேசவில்லை.
கீழே டீசல் மட்டும் தன்பாட்டுக்கு.

பச்சை. பச்சை. ஏழும் பச்சை.
புகைக்குப்பியை ஐலர்ட் கூரைக்குக் காட்டினான்.
மணி.
பதிவேட்டில் ஒரு வரி.
போர்கில்ட் அதை மூன்றுமுறை படித்தாள்,
இரண்டாவது வரி தாமதமாக வருமோ என்று.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓட்னி வந்து நின்றாள்,
ஏப்ரனில் மாவு, கையில் கரண்டி.
"யார் என் மெஷினைக் கொன்றது?
ஜெர்மன்காரர் பன்னிரண்டு பேர்
கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்."
"இப்போது பாருங்கள்."
முணுமுணுத்துக்கொண்டே ஏறிப்போனாள்.

மேலே யாரோ கார்டை வைத்தார்கள்.
ஏழாம் வாயில் நுழைந்து
ஒன்பதாம் வாயில் வெளியேறி
செயற்கைக்கோளுக்குப் போயிற்று
ஒரு வாஃபிளின் விலை.
கெர்னல் அதைப் பார்க்கவில்லை.
போர்கில்டும் பார்க்கவில்லை.
"பிறகு பார்க்கலாம்" என்ற வரியை அழித்துவிட்டு
ஆறிய காப்பியை
நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தாள்.