ஏழரை

மருதானையில் மழைக்கு ஒதுங்கிய பழைய புத்தகக் கடையில்
அட்டை கழன்று கிடந்தார் அந்த விக்டோரியா காலத்துக் கனவான்.
முந்நூறு ரூபாய்.
ஓவியங்களைப் பார்த்து எழுதியே பேர் வாங்கியவர்,
நடுவயதில் திடீரென்று
கூலியைப் பற்றி எழுதத் தொடங்கினாராம்.
படித்தவர்கள் சிரித்தார்களாம்.

எனக்கு வேலை கொம்பனித்தெருவில்,
நாற்பத்திரண்டு மாடி எழும்பும் இடத்தில்
ஆட்கள் வரும் நேரம் எழுதுவது.
தகரக் கந்தோர். ஒரே மின்விசிறி,
அதுவும் பொறியியலாளரைப் பார்த்தபடி.
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வாசித்தேன்.
பாதி விளங்கவில்லை. அவர் வசனம்
கோட்டையில் ஏறினால்
பாணந்துறையில்தான் இறங்குகிறது.

கல் செதுக்குகிறவனின் கை பிசகட்டும், விடுங்கள்,
பிசகுகிற இடத்தில்தான் ஆள் இருக்கிறான் என்கிறார்.
சனிக்கிழமை கோட்டைக்குப் போய் அண்ணாந்து நின்றேன்.
வெள்ளைக்காரன் காலத்துத் தூண், தலையில் கல் இலைகள்.
இடப்பக்கம் ஒன்று மட்டும் கோணல்,
காற்றில் அகப்பட்டதுபோல.
என்ன பார்க்கிறாய் என்றான் காவலாளி.
இலை என்றேன்.
அவனும் ஒருதரம் பார்த்தான்.

எங்கள் கட்டடத்தில் கோணல் கிடையாது.
கண்ணாடி கப்பலில் வருகிறது, இலக்கமிட்டு.
விமலதாச பாஸுக்குக் கைவைக்க மிஞ்சியது
குளியலறைச் சுவர்.
அதன்மேலும் ஓடு ஒட்டிவிடுவார்கள்.

கனவானோடு எனக்குச் சண்டையும் உண்டு.
உழைப்பவனுக்காக உருகிய அதே வாயால்
தன் நாட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டிப்போய்
நிலம் பிடிக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.
அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எனக்கு முன் யாரோ
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
பக்கத்தில் நானும் ஒன்று போட்டேன்,
பேனையால்.

செவ்வாய்க்கிழமை
பண்டாரவளை ரயில் மண்சரிவில் நின்று,
தவசீலன் பதினொன்றரைக்கு வந்தான்,
பையோடு, முகம்கூடக் கழுவாமல்.
அரை நாள் வெட்டவேண்டும். அது விதி.
திராட்சைத் தோட்டத்துக்கு
பொழுது சாயும் நேரம் வந்தவனுக்கும்
முழுக்கூலி கொடுத்த வேதக் கதையை
கனவான் விடாப்பிடியாகப் பிடித்திருந்தார்.
நான் வேதக்காரியும் இல்லை.

ஏழரை என்று எழுதினேன்,
ஏழரை பிடிக்கும் என்று தெரிந்தே.
இலக்கம் சற்றுச் சரிந்து விழுந்தது.
திருத்தவில்லை.

தவசீலன் அதைப் பார்க்கவில்லை.
மணல் அரிதட்டைத் தூக்கிக்கொண்டு
நேரே உள்ளே போனான்.
மாதக் கடைசியில் கணக்காளர் வருவார்,
இரும்பு அடிமட்டத்தோடு,
வரி வரியாக.