போய்

மில்லில் இரவு வேலை முடிந்து
தராசுச் சீட்டின் மசி விரலில் ஒட்டியிருக்க
காலை ஏழரைக்கு வீடு வந்தால்
வாசலில் ஒரு செருப்பைக் காணோம்.
இடது.
எப்போதும் இடதுதான்.

மிளகாய்ச் செடியைச் சுற்றி மூன்று குழி.
கொடியில் காய்ந்த மகளின் பினாபோரில்
நீலத்தின் மேல் மண் கால்தடம்.
கார் நிற்கும் சிமெண்டுத் தரையில்
ஆறிப்போன அந்த விஷயம்.
அதை விளக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தனபாக்கியத்துக்குப்
பள்ளிக் கேண்டீனில் வேலை.
மிஞ்சிய நாசி லெமாக்கைப் பொட்டலமாக்கி
சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்.
எஸ்டேட்டை மூடியபோது
லயத்து ஆட்கள் விட்டுப்போன நாய்கள்
செம்பனைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக
பகாவ் சாலையைத் தாண்டி எங்கள் தாமானுக்கு வந்து
அவர் வீட்டு முன்னால் உட்காரும்.
'உங்க நாய்ங்க...' என்று ஆரம்பித்தால்
'என்னுதா? யாரு சொன்னா?
சோறு போடுறேன். அவ்வளவுதான்.'

சோற்றுக்கு அவர் வீடு.
மற்றதற்கு என் வீடு.

நீலத் தண்ணீர் பாட்டிலைக் கேட்டில் கட்டச் சொன்னான்
மோட்டார் பட்டறை ஆ சேங். கட்டினேன்.
அதன் நிழலில் படுத்தன.
வினிகர் தெளித்தேன்.
ஊறுகாய்க் கடை மாதிரி இருக்கிறதென்று
மனைவி ஜன்னலைச் சாத்தினாள்.
டுரியான் தோலை வேலியோரம் அடுக்கினேன்.
அன்று இரவு வேலைக்குக் கிளம்பும்போது
மிதித்தது நான்.
நூற்று எண்பது ரிங்கிட்டுக்குக் கம்பிவலை.
ஒரு வாரம் அமைதி.
எட்டாம் நாள் அடியில் தோண்டியிருந்தது.

எல்லாம் அந்தச் செவலைதான். ஒரு காது மடங்கியது.
தனபாக்கியம் வைத்த பேர் போய்.
அவர் 'போய், போய்' என்றால் ஓடி வரும்.
நான் துடைப்பத்தை ஓங்கி
'போ! போ!' என்றாலும் ஓடி வரும்.
வேறு சொல் தேடிப் பார்த்தேன்.
'ஓடு' என்றேன். கூடவே ஓடியது.
'தொலை' என்றேன். வாலாட்டியது.

வியாழக்கிழமை நகராண்மைக் கழக வேன் வந்தது.
போன் செய்தது நான்தான்.
அதையும் எழுதிவிடுகிறேன்.

நீளக் கம்பு, முனையில் சுருக்கு.
வேனுக்குள் ஏற்கெனவே நான்கு,
குரைக்காமல்.
மற்றவை செம்பனைக்குள் பாய்ந்துவிட்டன.
தெருவே கேட்டுக்கு வந்து
'போ! போ!' என்று கத்தக் கத்த
இத்தனை பேர் கூப்பிடுகிறார்களே என்று
சாலை நடுவில் நின்று
ஒவ்வொரு முகமாகப் பார்த்தது அது.

'அஞ்சிங் சியாப்பா இனி?' என்றார் அதிகாரி.
தனபாக்கியம் ஏப்ரனில் கையைத் துடைத்தார்.
துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.
அபராதம் எவ்வளவென்று அவருக்குத் தெரியும்.
அவர் சம்பளம் எனக்குத் தெரியும்.
சுருக்கு இறங்கியது.

'சாயா புஞ்ஞா.'

யாரோ பின்னாலிருந்து சொன்ன மாதிரி இருந்தது.
திரும்பினேன்.
பின்னால் என் கேட் மட்டும்.

அதிகாரி கையிலிருந்த புகார்த் தாளைப் பார்த்தார்.
சுவரில் என் வீட்டு எண்ணைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் பேனாவை எடுத்தார்.

பேர்: போய். நிறம்: செவலை.
உரிமையாளர் என்ற இடத்தில்
கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

இப்போது அதன் கழுத்தில் தகர வில்லை,
அதில் என் வீட்டு எண்.
சாப்பாடு அங்கேதான். தூக்கமும் அங்கே.
விடிந்ததும் வலைக்கடியில் நுழைந்து
வந்த வேலையை முடித்துவிட்டுப் போகிறது.
நான் துடைப்பத்தோடு நிற்கிறேன்,
சொல் வராமல்.

நேற்று தனபாக்கியம் வேலியோரம் வந்தார்.
'உங்க நாயக் கொஞ்சம் பாருங்க.
என் ரோஜாத் தொட்டியத் தோண்டிருச்சி.
உள்ள இதெல்லாம் கெடந்துச்சி.'

நீட்டிய கையில் மூன்று செருப்புகள்.
எல்லாம் இடது.